ஓவியர் கிராமத்தின் வரவு செலவு

கல்லூரி வேலையோ அருங்காட்சியக வேலையோ இல்லாமல் கலை வரலாறு எழுதிப் பிழைக்க முடியுமா என்று கவின்கலை மாணவர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். முடியும். ஆனால் வீட்டில் இன்னொருவருக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தால் நல்லது. இந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன். நான் பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வவுச்சர்களை டிக் அடித்துக்கொண்டிருந்தவள். கலை வரலாற்றில் முதுகலை படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். எந்த நிறுவனத்திலும் சேரவில்லை. ஓவியர்கள் கூடி வாழ்ந்த ஊர்களைப் பற்றிப் படிப்பதும் எழுதுவதும்தான் வேலை என்று ஆகிவிட்டது. அதிலும் முக்கியமாக, சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்கள், சக ஓவியர்கள் என முப்பது நாற்பது பேரும் சேர்ந்து 1966இல் கடற்கரையை ஒட்டிச் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கி உருவாக்கிய குடியிருப்பு அது. அரசாங்கம் கொடுத்த நிலமும் இல்லை, புரவலர் யாரும் எழுதி வைத்ததும் இல்லை. கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற காசு. முக்கியமாக, மெழுகு பூசிச் சாயமேற்றுகிற பாட்டிக் துணி. பாதி நேரம் கைத்தொழில் செய்து வயிற்றைக் கழுவிக்கொள்வது, மீதி நேரம் யாருக்கு விற்கும் என்ற கவலையே இல்லாமல் வரைவது, இதுதான் திட்டம். சோழமண்டலத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, சட்டென்று ஓவியங்களின் ‘இந்தியத்தன்மை’க்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அந்த முதல் பத்தியை விட்டு நகரவே மனசு வரவில்லை. ஆடிட்டர் ஆபீஸ் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பாட்டிக் விற்றால் ஓர் ஏக்கர் வாங்கலாம்? யார் மெழுகு உருக்கினார்கள்? லாபத்தை எப்படிப் பிரித்தார்கள்? வரையாமல் பாட்டிக் மட்டுமே செய்தவருக்கும் மனை கிடைத்ததா?

ஐரோப்பாவில் ஓவியர் குடியிருப்பு என்றாலே முதலில் நிலக்காட்சிதான். பாரிஸ் பக்கத்தில் பார்பிஸோனுக்குத் தியோடோர் ரூசோவும் மில்லேயும் போனது ஃபோந்தேன்ப்ளோ காட்டுக்காக. டென்மார்க்கின் வடமுனையில் ஸ்காகன் என்ற மீனவ ஊருக்கு க்ரோயர் போன்றவர்கள் போனது அந்தக் கடற்கரை வெளிச்சத்துக்காக. ஜெர்மனியில் வோர்ப்ஸ்வேட என்ற ஊரில் 1889இல் மாக்கென்சனும் மோடர்சோனும் தங்கியது சதுப்பு நிலத்துக்கும் பிர்ச் மரங்களுக்கும் மயங்கி. அந்த ஊர்ப் படங்களைப் பார்த்தால் ஊர் தெரியும். சோழமண்டலத்தில் அது நடக்காது. ஜன்னலைத் திறந்தால் வங்கக்கடல், ஆனால் படங்களில் கடல் அநேகமாகக் கிடையாது. பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பாருங்கள்: ஜாதகக் கட்டம் போல, பழைய கணக்குச் சுவடி போல, படிக்க முடியாத எழுத்துகளும் குறிகளும். ஹரிதாசன் வடிவியல் கட்டங்களுக்குள் இருந்தார். சுல்தான் அலியிடம் காளை, பழங்குடி உருவங்கள், அவற்றைச் சுற்றி ஏதோ லிபி. ராமானுஜத்திடம் மாளிகைகள், விசித்திர விலங்குகள், நடுவே தொப்பி வைத்த தன் உருவம். ஸ்காகனில் கடல் படத்துக்குள் இருக்கிறது. இஞ்சம்பாக்கத்தில் அது மனை வரைபடத்தின் கிழக்கு எல்லையில்தான் இருக்கிறது. ஆகவே இந்த ஊர் இந்தக் கலைக்கு என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் படத்தைவிட வரவு செலவைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பல வருடமாக இதையேதான் வேறு வேறு கட்டுரைகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன், ரகசியம் ஒன்றும் இல்லை.

இதில் எனக்கு முன்னோடி உண்டு என்பதும் ஒரு தைரியம். சென்னை ஓவியர்களைப் பற்றி நீண்ட காலம் தொடர்ந்து எழுதிய விமர்சகர் ஜோசப் ஜேம்ஸ், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர்.

கைத்தொழிலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இன்னொரு விஷயமும் விட்டுப்போகும். இவர்கள் படித்த கல்லூரியே தொழில் கற்றுத்தரத் தொடங்கியதுதான். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்த பள்ளி, சீக்கிரமே தொழிற்கலைகளும் சேர்ந்துகொண்டன. 1898இல் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கியது அந்த வளாகத்தில்தான், நம் பாட்டிமார் வீட்டு அலுமினியக் குண்டானுக்கும் கவின்கலைக் கல்லூரிக்கும் சொந்தம் உண்டு. ஓவிய வகுப்புக்கு எதிரிலேயே பீங்கானும் உலோகமும் துணியும் இருந்த இடத்தில் வளர்ந்தவர்களுக்குச் செப்புத் தகட்டைத் தட்டுவது கேவலமாகத் தோன்றியிருக்காது. பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டிங் செய்து, முன்பக்கம் மட்டும் பார்க்கும்படி அமைத்த சிற்பங்களை, வாசுதேவின் செப்புப் புடைப்புகளை, அர்னவாஸின் உலோக வேலையை எடுத்துக்கொண்டால், கைத்தொழில் எங்கே முடிகிறது, ‘கலை’ எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க என்னால் முடியவில்லை.

பாட்டிக் பற்றி எழுதப் போகிறவர்கள் ஒரு தடவையாவது கையால் செய்து பாருங்கள். பாரஃபின் அதிகம் போட்டால் மெழுகு உடைந்து சாயம் உள்ளே இறங்கி நரம்பு நரம்பாகக் கோடு விழும், தேன்மெழுகு அதிகம் போட்டால் வளையும், உடையாது. இந்த விகிதம் பட்டறைக்குப் பட்டறை மாறும். மெழுகு உருகிவிடக் கூடாது என்பதால் சாயத்தைச் சூடாக்க முடியாது, குளிர்ந்த நீரிலேயே ஏறுகிற சாயம்தான் வேண்டும், வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்த்திக்குப் போக வேண்டும். செய்து பார்த்தபிறகு பழைய துணி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தால் எத்தனை முறை முக்கியிருக்கிறார்கள் என்று ஓரளவு தெரிகிறது. எத்தனை முறை முக்கினார்கள் என்று தெரிந்தால் எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று தெரியும். நேரம் தெரிந்தால் விலை நியாயமா என்று தெரியும். எந்த நூலகத்திலும் இது கிடைக்காது.

சரி, காகிதங்களுக்கு வருகிறேன். சுயேச்சை ஆய்வாளரின் பெரும்பாலான நேரம் இதில்தான் போகும். ஓவியர் குடியிருப்புகள் ஆவணக் காப்பகம் வைத்துக்கொள்வதில்லை. இருப்பது டிரங்குப் பெட்டி, பீரோவின் மேல்தட்டு, பரணில் கட்டி வைத்த அட்டைப் பெட்டி. கடற்காற்றில் உப்பு, அதோடு வெள்ளிப்பூச்சி, கரையான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகருக்குள் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் இருந்த கடிதக் கட்டு மொத்தமாகக் கூழாகிப் போனதைப் பார்த்தேன். மறு வருடம் டிசம்பரில் வர்தா புயல். அதற்குப் பிறகு ‘அடுத்த முறை வரும்போது ஸ்கேன் செய்துகொள்கிறேன்’ என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். சின்ன ஸ்கேனரை எப்போதும் பையிலேயே கொண்டுபோகிறேன். அசல் எதையும் வீட்டுக்கு எடுத்து வருவதில்லை, கொடுத்தாலும் வாங்குவதில்லை. அவர்கள் மேஜையிலேயே, அவர்கள் கண்முன்னாலேயே, 600 டிபிஐயில், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். புகைப்படத்தின் பின்பக்கம் முக்கியம், ஸ்டுடியோ முத்திரையும் யாரோ பென்சிலில் கிறுக்கிய பெயரும் அங்கேதான் இருக்கும். வேலை முடிந்ததும் எல்லாப் படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வீட்டுக் கதவு தானாகத் திறக்கும். அப்புறம் ஒரு வேண்டுகோள்: பழைய படங்களை லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்த கடிதத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பாசத்தில் செய்கிறார்கள், ஆனால் வெள்ளத்துக்கு அடுத்தபடி காகிதத்துக்கு எதிரி அதுதான்.

ஆண்டு போடாத அழைப்பிதழ்கள் நிறையக் கிடைக்கும். ‘மார்ச் 3, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு’ என்று இருக்கும், எந்த வருடம் என்று இருக்காது. அச்சடித்தவர்களுக்கு அது தெரிந்த விஷயம்தானே. 1966க்கும் 1980க்கும் இடையில் மார்ச் 3 வெள்ளிக்கிழமையாக வந்தது 1967, 1972, 1978 ஆகிய வருடங்களில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1978ஆகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். வெறும் ‘மெட்ராஸ்-8’ என்று இருந்தால் முதல் இரண்டில் ஒன்றாக இருக்கலாம், ஆனால் பின்கோடு வந்த பிறகும் பழக்கத்தில் பழைய மாதிரியே அச்சடித்தவர்கள் உண்டு, அதனால் இல்லாததை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மாநிலத்தின் பெயர் மெட்ராஸா தமிழ்நாடா என்று பாருங்கள், 1969 ஜனவரி ஒரு எல்லை. நகரத்தின் பெயருக்கு 1996. தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் என்பதும் உதவும். இதெல்லாம் சில்லறை வேலை மாதிரி தெரியும். ஆனால் ஒரு ஓவியர் எந்த வருடம் தன் பாணியை மாற்றினார் என்று பெரிய பெரிய வாதங்கள் நடக்கிறபோது, பையில் இந்தச் சில்லறை வைத்திருப்பவர்தான் வாதத்தை முடிக்கிறார்.

நில ஆவணங்களைக் கலை வரலாற்றாளர்கள் தொடுவதே இல்லை, எனக்கு அது ஆச்சரியம். வில்லங்கச் சான்று யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். சர்வே எண் தெரிந்தால் போதும். பழைய ஆண்டுகளுக்கு நேரில் போய் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று நினைவில் வையுங்கள்: 1966இல் இஞ்சம்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராமம். சென்னை மாநகராட்சிக்குள் வந்தது 2011இல்தான். எனவே பழைய காகிதங்களைச் சென்னை என்ற பெயரில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபிறகு நிலமதிப்பு எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கூட்டுறவுக் கனவு, தங்கத்துக்கு நிகரான மனைகளின் தொகுப்பாக மாறும்போது அங்கு இருப்பவர்களுக்கு என்னென்ன நெருக்கடி வரும் என்பது நியாயமான ஆய்வுப் பொருள். அதே நேரம் குடும்பங்களுக்குள் நடப்பதையெல்லாம் எழுத நான் யார்? பதிவுக் கருவியை அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுவேன், அணைத்தபிறகு கேட்டதை எழுதமாட்டேன். இதனால் சில நல்ல கதைகள் போயிருக்கின்றன. போகட்டும்.

பேட்டி எடுப்பது பற்றி. ஓவியர்களிடம் ‘உங்களைப் பாதித்தவர்கள் யார்’ என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே பலர் கேட்டுவிட்டார்கள், பதில் மெருகேறித் தயாராக இருக்கும். அறுபது வருடமாகச் சொல்லப்படுகிற தோற்றக் கதை எல்லோர் வாயிலும் ஒரே வரிசையில் வரும்: பணிக்கர் சார் கூப்பிட்டார், பாட்டிக் விற்றோம், மணலும் சவுக்குமாக இருந்த இடத்தை வாங்கினோம். பொய் இல்லை, ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லி மழுங்கிப்போன உண்மை. நான் கேட்பது வேறு: டவுனுக்கு எப்படிப் போனீர்கள்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? தண்ணீர் எங்கிருந்து வந்தது? முதலில் கல்வீடு கட்டியது யார், மற்றவர்கள் என்ன சொன்னார்கள்? குழந்தைகள் எந்தப் பள்ளிக்கூடம்? இப்படிக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் பேச்சு நிற்காது. கையோடு ஒரு பழைய குழுப் புகைப்படத்தின் பெரிய பிரிண்ட் கொண்டுபோங்கள், யார் யார் என்று கேளுங்கள். கேள்வித்தாளைவிட அது பத்து மடங்கு வேலை செய்யும். இரண்டு கருவிகளில் பதிவு செய்யுங்கள், ஒன்று கைபேசியாக இருக்கலாம். அனுமதியை ஒரே பக்கத் தாளில், தமிழில், கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். பெரியவர்களிடம் தாளை நீட்டக் கூச்சமாக இருக்கும், ஆனால் பின்னால் பிள்ளைகள் கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும். ஓவியரின் மனைவி ஒருவர், காபி கொடுத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தவர், நான் பாட்டிக் பற்றி அவரையே கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “இத்தனை பேர் வந்து போயிருக்காங்க, எங்கிட்ட யாருமே எதுவும் கேட்டதில்லையேம்மா” என்றார். மெழுகு மணம் துணியைவிட்டுப் போக எத்தனை முறை கொதிக்க வைக்க வேண்டும் என்பதிலிருந்து எந்த மாதத்தில் கடையில் கூட்டம் வரும் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. கணவருக்குத் தெரியவில்லை. ஓவியராகவே அறியப்பட்ட பெண்கள் அங்கே மிகக் குறைவு. அர்னவாஸ் 1988இல் 43 வயதில் இறந்துவிட்டார். அவருடைய கோட்டோவியங்களைப் பற்றிப் பேச வேண்டிய அளவுக்கு நாம் பேசவில்லை. இது சோழமண்டலத்தின் தனிக்குறை இல்லை. வோர்ப்ஸ்வேடவில் இன்று உலகமே கொண்டாடுகிற பவுலா மோடர்சோன்-பெக்கர் 1907இல் 31 வயதில் இறந்தபோது விற்றிருந்த படங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஸ்காகன் ஓவியர்கள் கூட்டத்தில் அந்த ஊரிலேயே பிறந்தவர் அன்னா ஆங்கர் ஒருவர்தான். ஓவியர்கள் தங்கிச் சாப்பிட்ட ப்ரோண்டும் விடுதி அவருடைய குடும்பத்தினுடையது. வந்தவர்கள் ஒருவரையொருவர் வரைந்த முகங்களால் சாப்பாட்டு அறைச் சுவரை நிறைத்தார்கள், அந்த அறையையே பிறகு அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும்: ஓவியர் குடியிருப்பின் உயிர் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

குடியிருப்பைவிட்டுப் போனவர்களை மறக்காதீர்கள். அங்கேயே இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதவேண்டிய அவசியம் இல்லையே, எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் போதும். கடிதம் போனது வெளியே போனவர்களுக்கு. விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸ் போனார்கள், வாசுதேவ் பெங்களூர் போனார், எம்.வி. தேவன் கேரளம். ஓர் ஊரின் வரலாறு அந்த ஊரில் இல்லாதவர்களின் மேஜை இழுப்பறைகளில்தான் அதிகம் இருக்கும். இன்னொன்று, மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கவாவது கற்றுக்கொள்ளுங்கள். பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர், ஆனால் கூட இருந்தவர்களில் கணிசமானவர்கள் மலையாளிகள். கடிதம், நாள்குறிப்பு, பத்திரிகைக் கட்டுரை என்று பாதி அந்த எழுத்தில்தான் கிடைக்கும். இந்த விஷயத்தில் ஹங்கேரிய ஆய்வாளர்களை நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். 1896இல் நாஜிபான்யாவில் தொடங்கிய அவர்களுடைய முக்கியமான ஓவியர் குடியிருப்பு முதல் உலகப்போருக்குப் பிறகு ருமேனியாவுக்குப் போய், இன்று பாயா மரே என்று வேறு பெயரில் வேறு நாட்டில் இருக்கிறது.

தமிழில் மட்டும் கிடைக்கிற ஒரு கிளை, ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கவனிக்காதது: சிற்றிதழ்கள். பணிக்கரும் நண்பர்களும் 1961 முதல் நடத்திய ஆர்ட்ரெண்ட்ஸ் ஆங்கிலம், அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் 1970இல் வந்த கசடதபற போன்ற இதழ்களின் அட்டையையும் உள்கோட்டோவியங்களையும் புரட்டினால் அந்தக் கல்லூரியின் இன்னொரு முகம் தெரியும். ஆதிமூலம், பாஸ்கரன் போன்ற ஓவியர்கள் எழுத்தாளர்களோடு உறவாடியது அங்கேதான். கி.ரா. ஜூனியர் விகடனில் எழுதிய கரிசல் தொடருக்கு ஆதிமூலம் வரைந்ததை என் தலைமுறையில் பார்க்காதவர் குறைவு. இவர்கள் சோழமண்டலவாசிகள் இல்லை. சென்னை ஓவிய இயக்கம் என்றால் சோழமண்டலம், சோழமண்டலம் என்றால் சென்னை ஓவிய இயக்கம் என்று எழுதுகிறவர்களுக்கு இந்த இதழ்கள் நல்ல மருந்து. தனபால், சந்தானராஜ், முனுசாமி எல்லாரும் கல்லூரிக்காரர்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் சிற்றிதழ்களைத் தேடிப் பாருங்கள், அப்புறம் எழும்பூர் கன்னிமாரா.

இப்போது பணம். கண்காட்சிக் கேட்டலாகுக்குக் கட்டுரை, மொழிபெயர்ப்பு, கட்டடக்கலைக் கல்லூரிகளில் சில வாரப் பாடம், குழுக்களை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டுவது, இவைதான் வரும்படி. கேட்டலாக் கட்டுரைக்குப் பாதிப் பணம் முன்னால் வாங்கிவிடுங்கள், கண்காட்சி திறந்தபிறகு யாரும் போனை எடுப்பதில்லை. எத்தனை சொல், எத்தனை முறை திருத்தம், புகைப்பட அனுமதி யார் பொறுப்பு என்று மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வுக்கென்று பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் நல்கை தருகிறது, தமிழிலும் விண்ணப்பிக்கலாமா என்று பயப்படாமல் கேளுங்கள். மத்திய கலாச்சார அமைச்சகத்தின் நல்கையில் மூத்தவர்களுக்கு மாதம் 20,000, இளையவர்களுக்கு 10,000 என்று இரண்டு வருடம் தந்து வந்தார்கள். வாடகைக்கே சரியாகப் போகும், ஆனாலும் ‘எந்த இன்ஸ்டிட்யூஷன்?’ என்று வாசலில் மடக்குகிற இடத்தில் காட்ட ஒரு கடிதம் கிடைக்கும். அந்தக் கேள்வியை நிறையக் கேட்டிருக்கிறேன். ஒரு சேமிப்பு அறைக்குள் நுழைய வருடக்கணக்கில் அலைந்திருக்கிறேன், பல்கலைக்கழக அடையாள அட்டை வைத்திருந்த மாணவர் ஒருவர் ஒரே வாரத்தில் உள்ளே போய்விட்டு வந்தார். அவர் எனக்குத் தன் குறிப்புகளைக் கொடுத்தார், நான் அவருக்கு என் அழைப்பிதழ்த் தொகுப்பைக் கொடுத்தேன். நிறுவனம் இல்லாதவருக்கு இந்த மாதிரி மாற்றிக்கொள்ளல்தான் நூலகம்.

வரும்படியில் ஒன்றை மட்டும் தொடுவதில்லை: அசல்தான் என்று சான்றிதழ் எழுதித் தருவது. சந்தை சூடுபிடித்த பிறகு, மையால் வரைந்த ஒரு தாளைக் கைபேசியில் படமெடுத்து ‘இது இன்னாருடையதா, ஒரு வரி எழுதிக் கொடுங்கள், கவனித்துக்கொள்கிறோம்’ என்று செய்தி வராத மாதம் குறைவு. கவனித்துக்கொள்ளும் தொகை சில சமயம் என் ஒரு வருட வரும்படி. ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு நான் எழுதுகிற எந்தக் கட்டுரையையும் யாரும் கட்டுரையாகப் படிக்க மாட்டார்கள், விலைப்பட்டியலாகப் படிப்பார்கள். குடும்பங்களும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே பதில்: வரலாறு சொல்வேன், சான்று தரமாட்டேன். இந்த நண்பர் அந்த நண்பர் என்று விதிவிலக்கு கிடையாது, விதிவிலக்கு ஒன்று வந்தால் பதில் செத்துவிடும்.

ஆனால் யாரிடம் எந்தப் படம் இருக்கிறது என்று பார்க்கிற ஒவ்வொன்றையும் குறித்துவைக்கிறேன்: அளவு, ஊடகம், பின்பக்கம் ஒட்டியிருக்கிற சீட்டு, பார்த்த தேதி. காரணம் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டு ஏற்றுமதி தடுக்கப்பட்ட ஓவியர்கள் ஒன்பது பேர். ரவிவர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், மூன்று தாகூர்கள், ரோரிக், சைலோஸ் முகர்ஜி. சென்னைக் கல்லூரி வழிவந்த ஒருவரும் பட்டியலில் இல்லை. நம் ஓவியர்களின் நூறு வயது ஆகாத படம் எதுவும் ஏலத்தில் போய்க் கப்பல் ஏறிவிடலாம், சட்டத்தில் தடை இல்லை. போவதைத் தடுக்க நான் யாரும் இல்லை. எங்கே இருந்தது என்று எழுதிவைக்க முடியும்.

காப்புரிமை பற்றித் தெரிந்துகொள்ளாமல் புத்தக வேலையில் இறங்காதீர்கள். படத்தை வாங்கியவருக்குப் படம்தான் சொந்தம், அச்சிடும் உரிமை பொதுவாக ஓவியரிடமே இருக்கும், அவர் இறந்தபிறகு வாரிசுகளிடம் 60 ஆண்டு. பணிக்கர் 1977இல் மறைந்தார், ஆக 2037 முடியும்வரை. சுல்தான் அலி 1990, ஆக 2050 வரை. சேகரிப்பாளர் ‘என் படம்தான், போட்டுக்கோங்க’ என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வாரிசையும் கேளுங்கள். ராமானுஜம் போல முப்பதைத் தாண்டியதும் 1973இல் போய்விட்டவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவருடைய துயரத்தை எழுதினால் வாசகர் கூட்டம் சேரும் என்பதால் எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். அந்தப் பேனாக்கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி அடுக்கினார், எந்தத் தாளில், எந்த மையில் என்று எழுதினால் அவருக்கும் மரியாதை, நமக்கும் ஏதாவது தெரியவரும்.

செய்ய வேண்டியவை நிறையக் கிடக்கின்றன. சோழமண்டலத்து பாட்டிக் வாங்கியவர்கள் யார், அந்தத் துணிகள் இப்போது எந்த வீட்டுச் சுவரில் என்று யாரும் தேடவில்லை. பக்கத்து மீனவக் குப்பத்தாருக்கு 1966இல் வந்து இறங்கிய இந்தக் கூட்டம் எப்படித் தெரிந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதிய ஒரு பக்கத்தைக்கூட நான் படித்ததில்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகளின் நினைவுகள் தனி நூலுக்குத் தாங்கும். 2009இல் திறந்த சோழமண்டலத் தற்காலக் கலை மையத்தில் படங்களைப் பார்த்துவிட்டு வந்து இதில் ஒன்றை எடுத்துக்கொள்ள யாருக்காவது தோன்றினால், என்னிடம் இருக்கும் தேதிவாரி அழைப்பிதழ்ப் பட்டியலைத் தருகிறேன். மீனவக் குப்பத்து வேலையை எடுப்பவருக்கு முதல் உரிமை.